நெத்திலி ஆகாத விருந்தாளிகள்

2024 நவம்பர் 18, திங்கள்

மகள் அன்சிலா நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. அவள் அறைக் கதவை இன்றுதான் முழுதாகத் திறந்தேன். திறக்காமல் இருக்க வழியில்லை. உள்ளே மூன்று பாம்புகள் இருக்கின்றன.

கார்ட்டர் பாம்பு என்று பெயராம். வெளிநாட்டுச் சாதி. பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், முதுகு நெடுக மஞ்சள் கோடு. கான்வென்டில் முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டு, நழுவாமல் இருக்க இலாஸ்டிக் பட்டி கட்டுவோம். அதற்கும் கார்ட்டர் என்றுதான் பெயர். பட்டி நழுவினால் சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலால் காலில் தட்டுவார். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பட்டிக்கு உயிர் வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது.

போன ஜூன் மழையில் வாங்கி வந்தாள். கடிக்காது, கடித்தாலும் ஒன்றும் ஆகாது, பில் இருக்கிறது, பதிவு செய்த காகிதம் இருக்கிறது என்று எல்லாம் சொன்னாள். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்த மகள், மருத்துவமனை வேலை முடிந்து வந்தால் எதையாவது கொஞ்சட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். பூனை கொஞ்சக் கூடாதா? கேட்டேன். "பூனைக்கு உங்கள மாதிரி கோவம் வரும்மா" என்றாள். அதிலிருந்து அந்த அறைப்பக்கம் நான் போகவில்லை.

கிளம்புகிற அன்று ஒன்றே ஒன்று கேட்டாள். "வெயில் ஆரம்பிக்கிற வரைக்கும் பாத்துக்கங்கம்மா. பிப்ரவரி கடைசில டின்சி வந்து எடுத்துட்டுப் போயிருவா."

டின்சி அவளோடு நர்சிங் படித்தவள். மலைமேல் சூரியநெல்லியில் ஹோம்ஸ்டே நடத்துகிறாள். அங்கே எப்போதும் குளிர். இங்கே பாலக்காட்டுப் புதுநகரத்தில் மார்ச் வெயில் ஏறினால் இதுகள் தாங்காது, செத்துப்போகும். ஒரு அறைக்காவது ஏசி போட்டால் இங்கேயே இருக்கலாம். ஏசி வேண்டாம் என்றவள் நான். அவள் அத்தா இருந்தபோதும் வேண்டாம் என்றேன், அவர் மவுத்தான பிறகும் வேண்டாம் என்றேன். ஜன்னலை அடைத்துக்கொண்டு வாழ எனக்குத் தெரியாது.

பிப்ரவரி கடைசிவரைதானே.

நவம்பர் 20

இன்று முதல் இரை. அன்சிலா சொல்லிவிட்டுப் போனது: ஜிலேபி மீனை நறுக்கிப் போட வேண்டும், இடையில் மண்புழு, ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் விட்டு ஊட்ட வேண்டும்.

தனித்தனி டப்பா எதற்கு? எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் ஒரு பெரிய சஹன் தட்டை நடுவில் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். ஒன்றாக வளர்ந்த மூன்று. அதுகளைப் பிரித்து உட்காரவைப்பது என்ன மரியாதை? ஒரு பீங்கான் தட்டில் மீனைப் பரப்பி நடுவில் வைத்தேன்.

தட்டு நிறைய மீன் இருக்க, பெரியதும் சின்னதும் ஒரே துண்டைக் கவ்வின. ஒன்று இந்தப் பக்கமிருந்து, ஒன்று அந்தப் பக்கமிருந்து. விழுங்கிக்கொண்டே வந்து வாயும் வாயும் முட்டிய பிறகும் பெரியது நிறுத்தவில்லை. சின்னதின் தலையையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. இடுக்கியையும் கத்தரிக்கோலையும் எடுத்து, துண்டை நடுவில் அறுத்து, எப்படியோ பிரித்துவிட்டேன். பயந்தால் ஒரு நாற்றம் விடும் என்று சொல்லியிருந்தாள். குறைத்துச் சொல்லியிருக்கிறாள். எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் கை நாறுகிறது.

இஷா தொழுகைக்கு முன் அன்சிலா கூப்பிட்டாள். சொன்னேன்.

"பாம்புக்கு சஹன் வச்ச மொத ஆள் நீங்கதாம்மா."

நான் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு சிரித்தேன்.

நவம்பர் 27

இதுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். மிக்கி, நூடுல்ஸ், பப்படம். பாம்புக்குப் பப்படம் என்று பேர்! படித்த பெண். நான் பெரியவள், நடுவிலவள், சின்னவள் என்றுதான் சொல்வேன்.

சமையலுக்கு வரும் சாந்தம்மாள் அறை வாசலைத் தாண்டுவதில்லை. இன்று வாசலில் நின்று கண்ணை மூடிக் கை கூப்பிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டில என்ன பண்ற?"

"கும்புடலீங்கம்மா. சும்மா கை சேந்துருச்சுங்க."

"பிரிச்சுக்கோ."

"ஏனுங்கம்மா, கொஞ்சூண்டு பால் வெக்கட்டுங்களா?"

"அது பால் குடிக்காது. மீன் தின்னும்."

"மீனுங்களா?" அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. மத்தியானம் தைரியமாக உள்ளே வந்து பெருக்கிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 3

ஜிலேபி மீன் இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவர் இருந்தவரை வாங்கவே விட்டதில்லை. சேற்று மீன். அதுவும் இது அன்சிலா வாங்கி ஐஸ் பெட்டியில் கல்லாக்கி வைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும் அதைச் சுரண்டி எடுத்து வைக்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மீன்காரர் குஞ்சு முகம்மது ஸ்கூட்டரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தார். "உம்மா, பொன்னானி நெத்திலி. காலைல கரைக்கு வந்தது. கண்ணப் பாருங்க, என்னையே பாக்குது."

வாங்கினேன். தலை கிள்ளி, குடல் எடுத்து, அலசி, மூன்று டப்பாவில் தனித்தனியாக வைத்தேன். என்ன ஆசை! சின்னவள் இடுக்கி நெருங்குவதற்குள் பாய்ந்து வாங்கிக்கொண்டாள். வயிறு நிறைந்ததும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டன.

அன்சிலாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்க நான் என்ன சாந்தம்மாளா?

டிசம்பர் 12

நடுவிலவளின் கண்ணில் பால் படர்ந்திருக்கிறது. நீலம் பாய்ந்த வெள்ளை. எனக்குக் கண் ஆபரேஷனுக்கு முன் இப்படித்தான் இருந்தது. மீனைத் தொடவில்லை. ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறாள். அந்த மாதிரி நாட்களில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும். நானும் போய்ப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்சிலா சொன்னாள்: "சட்டை உரிக்கப் போகுதும்மா. நாலஞ்சு நாள்ல கண்ணு பளிச்சுன்னு ஆயிரும்."

உரிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று ஈரத் துணி வைத்தேன்.

டிசம்பர் 17

உரித்துவிட்டாள். தலையிலிருந்து வால்வரை கிழியாமல் ஒரே உறை. கண் மூடியிருந்த வட்டம்கூட அதில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எறிய மனசு வரவில்லை. அலமாரியில் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரி 1

அன்சிலா இப்போது தினமும் கூப்பிடுகிறாள். ஒரே வீட்டில் இருந்தபோது, சாப்பிட்டியா, கதவைச் சாத்து, அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இப்போது அரை மணி நேரம் போகிறது. எல்லாம் பாம்புப் பேச்சு. யார் தின்றாள், யார் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கிறாள், நான் அறைக்குள் காலெடுத்து வைத்தால் மூன்றும் எப்படிக் கண்ணாடிக்கு ஓடிவருகின்றன.

பிப்ரவரிக்குப் பிறகு என்ன பேசுவோம்?

ஜனவரி 11

பெரியவளைக் கையில் எடுத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாக எடுத்தேன். விரலிடுக்கில் நுழைந்து, வளையலுக்குள் புகுந்து, முழங்கையில் தலையை வைத்துக்கொண்டாள். குளிர்ச்சி. கனமே இல்லை. இதற்குத்தானா ஐந்து மாதம் சுவரோரமாக நடந்தேன்?

ஜனவரி 25

சின்னவள் நெத்திலியைத் தவறவிட்டாள். இடுக்கி இங்கே இருக்க, அவள் அங்கே காற்றைக் கடிக்கிறாள். கண் கெட்டிருக்குமோ? சட்டை உரிக்கும் நேரமும் இல்லை.

ஜனவரி 28

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. உடம்பு நடுங்குகிறது. துணியை முறுக்குகிற மாதிரி தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறாள். சாந்தம்மாள் பார்த்துவிட்டு, "கண்ணு பட்ருச்சுங்கம்மா" என்றாள். யார் கண் படும்? பார்க்கிறவள் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் வீடியோவில் காட்டினேன். அன்சிலாவின் முகம் மாறியது.

"என்னம்மா குடுத்தீங்க?"

"நீ சொன்னதுதான்."

"ஜிலேபி மட்டுந்தானே?"

"அதான் சொல்றேன்ல."

பொய் சொன்னேன். எழுபத்திரண்டு வயதில், மீனுக்காக.

ஜனவரி 29

காலையில் போய்ப் பார்த்தேன். சின்னவள் மல்லாந்து கிடந்தாள். வெளிறிய வயிறு மேலே. பாம்பை மல்லாத்தினால் உடனே புரண்டுவிடும், புரளாவிட்டால் ரொம்ப மோசம் என்று அன்சிலா எப்போதோ சொல்லியிருக்கிறாள். புரளவில்லை. என் வாயிலிருந்து "பப்படம்" என்று வந்தது. இதுவரை அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. "பப்படம், ஏந்திரி புள்ள, ஏந்திரி" — நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தொட்டதும் வால் நுனி அசைந்தது. உயிர் இருக்கிறது.

அன்சிலாவுக்கு அங்கே விடியாத நேரம். இருந்தாலும் கூப்பிட்டேன்.

"நெத்திலி குடுத்தேன். மூணுக்கும். டிசம்பர்லேருந்து."

கத்தப்போகிறாள் என்று காதை விட்டுப் போனை விலக்கிப் பிடித்தேன்.

"எதுக்கும்மா?"

"வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஐஸ் பெட்டி ஜிலேபியா போடுவாங்க? நம்ம வீட்ல எப்பப் போட்டிருக்கோம்?"

அவள் குரல் உடைந்தது: "விருந்தாளின்னா நெனச்சீங்க?"

என்ன கேள்வி இது. வேறு என்னவென்று நினைப்பார்கள்?

அதற்குப் பிறகு அவள் நர்ஸ் ஆகிவிட்டாள். பாலக்காட்டில் பறவை, பாம்பு பார்க்கும் டாக்டர் ஷாஜிக்கு அங்கிருந்தே போன் செய்து நேரம் வாங்கினாள். தலையணை உறையில் பப்படத்தை விட்டு, உறையின் வாயைக் கட்டி, கூடைக்குள் வைத்து ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "என்ன உம்மா, மடியிலயே வச்சிருக்கீங்க? பலகாரமா?"

"பப்படம்" என்றேன். "நொறுங்கிரும். குழியில எறக்காம போங்க."

அதற்கேற்ப மெல்லப் போனார்.

டாக்டர் ஷாஜி சின்ன வயசுக்காரர். திட்டுவார் என்று நினைத்தேன். "நெத்திலியும் மத்தியும் நமக்கு நல்லதும்மா. இதுக்குத் தொடர்ந்து குடுத்தா ஆகாது. அந்த மீனுல இருக்குற ஒரு பொருளு, இது உடம்புல இருக்குற பி1 வைட்டமின அழிச்சிரும். அப்பறம் நரம்பு இழுக்கும்." ஊசி போட்டார். மற்ற இரண்டுக்கும் நெத்திலியை இன்றோடு நிறுத்தச் சொன்னார்.

"பொழைக்குமா?"

"பாப்போம்மா. சில பாம்பு சீக்கிரம் நிமிந்துக்கும். சிலது லேட்டாயிரும்."

லேட் பண்ணியது நான்.

ஜனவரி 30

துணியை வளையமாகச் சுருட்டி, அதற்குள் பப்படத்தை நேராகப் படுக்கவைத்தேன். புரண்டுவிடுகிறாள். மறுபடி நிமிர்த்துகிறேன். தொழுகைப் பாயை இந்த அறைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பிப்ரவரி 2

நடுக்கம் குறைந்த மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதா, நிஜமாகவா? அன்சிலா வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "கொறஞ்சிருக்கும்மா" என்றாள். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அங்கிருந்து, நான் இங்கிருந்து.

பிப்ரவரி 5

மல்லாத்திப் பார்த்தேன். புரண்டாள்!

பிப்ரவரி 8

குஞ்சு முகம்மதுவிடம் ஜிலேபி மீன் கேட்டேன். மனிதர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டார்.

"உம்மாவுக்கா? ஜிலேபியா?"

"எனக்கில்ல. வீட்ல மூணு பேர் இருக்காங்க."

"நெத்திலி தின்னுட்டு இருந்தவங்களா?"

"அவங்கதான். டாக்டர் மாத்தச் சொல்லிட்டாரு."

"ஆளுக்கு ஏத்த மீனுதானே உம்மா. நாளைக்கு மலம்புழா டேம்லேருந்து உயிரோட கொண்டாரேன்." பரிதாபமாக என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நோயாளி வீடு என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பிப்ரவரி 9

டாக்டர் கொடுத்த மாத்திரையின் பொடியை ஜிலேபித் துண்டில் தடவிப் பப்படத்திடம் நீட்டினேன். முதல் தடவை காற்றைக் கடித்தாள். அடுத்த தடவையும். நான் இடுக்கியை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். கை வலித்தது. பிறகு தலையைச் சாய்த்து, மெதுவாக வந்து, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

சேற்று மீன்தான். விழுங்கினாள்.

பிப்ரவரி 17

இந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது. மலைகளுக்கு நடுவிலுள்ள சுரம் வழியாக வரும் காற்றே சுடுகிறது. பெட்டியில் ஒட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. மூன்றும் நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கின்றன. ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்துவிடுகிறேன். நனைத்துத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்தால் அனல், அடைத்தால் புழுக்கம்.

டின்சி புதன்கிழமை வருகிறாளாம், 26ஆம் தேதி. நல்லது. அங்கே குளிர்.

பிப்ரவரி 21

அவருடைய பழைய மல் வேட்டியை எடுத்து மூன்று பைகள் தைத்தேன். மூச்சு விட மெல்லிய துணி வேண்டும். வாயில் நாடா கோத்தேன். கான்வென்டில் படித்த சங்கிலித் தையல் கை மறக்கவில்லை. ஒவ்வொன்றிலும் எழுத்துப் போட்டேன்: மி, நூ, ப. பெரியவள், நடுவிலவள், சின்னவள் என்று போட்டால் டின்சிக்குப் புரியாதே, அதற்காக.

நூல் கோக்கக் கண் தெரியவில்லை. கண்தான் காரணம்.

பிப்ரவரி 26

டின்சி ஜீப்பில் வந்தாள். நல்ல உயரம், வாய் ஓயாது. "ஆன்ட்டி, அங்க இன்னும் காலைல வாய்லேருந்து புகை வருது. இங்க என்னன்னா தலைலேருந்து வருது." பெரிய கவர் நிறைய ஏலக்காய் கொண்டுவந்தாள். பிரியாணி போட்டேன். சாப்பிட்டாள். மறுபடி போட்டேன். சாப்பிட்டாள்.

பிறகு அறைக்குப் போனோம். பைகளைப் பார்த்துச் சிரித்தாள். "என் கல்யாணத்துக்குக்கூட இப்படி யாரும் தைக்கல."

மிக்கியை எடுத்துப் பைக்குள் விட்டேன். நாடாவை இழுத்தேன். நூடுல்ஸை எடுத்தேன். அவள் என் விரலைச் சுற்றிக்கொண்டு விடவில்லை. பாம்புக்கு அதெல்லாம் இல்லை, பிடிமானத்துக்குச் சுற்றும், தெரியும். மெல்ல அவிழ்த்தேன். பப்படம் கண்ணாடிக்கு வந்து நின்றாள். தலை இன்னும் துளி சாய்ந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

"மலையேறி வளைவு வளைவா எத்தனை நேரம் போகணும்?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் ஆயிரும் ஆன்ட்டி."

"இவளுக்கு இன்னும் தலை நிக்கல. குலுங்கினா ஆகாது."

"அப்ப இந்த ரெண்டையும் கொண்டுபோறேன். சின்னது அப்பறமா வரட்டும்."

"மூணும் ஒண்ணா கெடந்து பழகினது. பிரிச்சா இது தின்னாது."

"பாம்புக்கு அப்படியா ஆன்ட்டி?"

"நீயா இத்தனை மாசம் ஊட்டின?"

டின்சி என்னைப் பார்த்தாள். வெப்பமானியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். ஏசி இருக்க வேண்டிய இடத்தில் காலண்டர் தொங்குகிறது. "வெயிலுக்கு?"

"அத நான் பாத்துக்கறேன்."

மிக்கியையும் நூடுல்ஸையும் அவளே திரும்பப் பெட்டியில் விட்டாள். காலியான மூன்று பைகளிலும் கவரிலிருந்த ஏலக்காயைக் கொட்டி, நாடாவை இழுத்துக் கட்டி, என் கையில் கொடுத்தாள். "நான் பிரியாணிக்குத்தான் வந்தேன்னு வச்சுக்கங்க."

கேட் வரை போய், திரும்பி: "அன்சிலாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

முழுதாகச் சொல்லவில்லை. மூணும் இங்கேதான் இருக்கின்றன, சின்னவள் தேறட்டும், என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 28

கடையிலிருந்து ஆட்கள் வந்து சுவரில் துளை போட்டார்கள். ஒரே தூசி. பெட்டியை என் அறைக்கு மாற்றி ஈரத் துண்டு போர்த்தி வைத்திருந்தேன். ஒருவன் கேட்டான்: "உம்மாவோட கட்டில் எங்க? காத்து அந்தப் பக்கம் வர்ற மாதிரி வைக்கலாம்." கட்டில் இல்லை, பெட்டிதான் என்றேன். நேராக அடிக்கக் கூடாது, பக்கத்திலிருந்து வர வேண்டும் என்றும் சொன்னேன். பெட்டிக்குள் பார்த்துவிட்டு அவன் ஏணியில் இன்னும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டான்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு, அதுகளைப் பார்க்கலாம் என்று அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். சாயங்கால அஸர் பாங்கு கேட்டுத்தான் விழித்தேன்.

மார்ச் 4

என் கட்டிலை அங்கே போடச் சொன்னேன். சாந்தம்மாள், "பாம்புக்குத் தொணைக்குங்களா, உங்களுக்குத் தொணைக்குங்களா?" என்றாள். நோன்பு நேரத்தில் வாயாட வேண்டாம் என்றேன்.

மார்ச் 9

மத்தியானம் அன்சிலா கூப்பிட்டாள். இன்று அவளுக்கு லீவு. அவளும் நோன்பு. பப்படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். தலை நேராகிவிட்டது. இன்று முதல் தடவையிலேயே ஜிலேபியை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, அது என்ன சத்தம்? உர்ருன்னு?"

"ஏசி."

போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"அத்தா கேட்டாரு. நான் எத்தன வருஷம் கேட்டேன்."

"நீங்க கேட்டீங்க. இதுக கேக்கல. அதான் போட்டேன்."

சிரிக்கிறாளா, மூக்கை உறிஞ்சுகிறாளா, தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

"மே மாசம் லீவு கெடைக்கும்போல இருக்கும்மா."

"வெயிலா இருக்கும்."

"தெரியும்."

"உன் ரூம் காலியா இல்ல. நான் இருக்கேன். இதுக இருக்கு. உனக்கும் ஒரு கட்டில் போட எடம் இருக்கு."

போனை வைத்துவிட்டு மேல் அலமாரியைத் திறந்தேன். பாலக்காட்டில் யாருக்கு வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கட்டிப்போட்டிருந்த கம்பளிகள். ஏசி அறைக்கு எனக்கொன்று, அன்சிலாவுக்கொன்று என்று இரண்டை எடுத்து உதறி வெயிலில் போட்டேன். பூச்சி வராமல் இருக்க, 'ப' போட்ட ஏலக்காய்ப் பையை அவளுடையதில் வைத்திருக்கிறேன்.